பட்டியலில் இல்லாத வள்ளம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று ஆசிரியருக்குச் சொல்லியிருந்தேன். பொய். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை, அவ்வளவுதான்.

நடந்தது இதுதான்.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை, ஒன்பதே முக்கால். புட்டுக் கோப்பையோடு கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிறேன். டிலானி போனில் கோல் எடுத்தாள்.

டிலானியைப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காக: பள்ளிமுனையில் ஒரு மீனவர் சங்கத்தின் அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், வேலை செய்கிறவள். பின்னேரம் வள்ளங்கள் கடலுக்குப் போகும்போது ஒவ்வொன்றையும் கொம்பியூட்டரில் பதிவாள். காலையில் கரைக்கு வந்ததும் “வந்தாச்சு” என்று ஒவ்வொருவரும் சொல்ல, அதையும் பதிவாள். எட்டு மணிக்கு ஒரு திரையைத் திறந்து பார்ப்பாள். போய்த் திரும்பாத வள்ளங்கள் மட்டும் அதில் தெரியும். அந்தப் புரோகிராமை எழுதியவள் அடியேன்.

“அக்கா, லிஸ்ற் காலியாக் கிடக்கு” என்றாள் டிலானி.

காலியென்றால் நல்ல செய்திதானே? எல்லோரும் கரைக்கு வந்துவிட்டார்கள். அப்படித்தான் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொல்லியிருப்பேன் போல.

“ஓம் அக்கா. ஆனா ஜெசிந்தா அக்கா வாசல்ல நிக்கிறா. அவவின்ர தம்பி இன்னும் வரேல்லையாம்.”

வேறு கரையில் ஏறியிருப்பார், மீன் விற்கப் போயிருப்பார், போனில் சார்ஜ் இல்லாமல் இருக்கும்... இப்படி மூன்று காரணத்தை நானே அடுக்கினேன். பட்டியலில் இல்லையென்றால் கடலில் இல்லை. எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. நான் எழுதிய பட்டியல் அல்லவா?

டிலானி தயங்கினாள். தானும் அதைத்தான் சொன்னாளாம். எட்டே காலுக்கே ஜெசிந்தா அக்கா வந்து கேட்டாராம். “லிஸ்ற்றில இல்லை அக்கா, வந்திட்டினம், கரையில போய்ப் பாருங்கோ” என்று டிலானி அனுப்பியிருக்கிறாள். அந்த மனுசி கரை முழுக்க நடந்து, மீனவர் கொட்டில்களான வாடி வாடியாகக் கேட்டு, ஒன்றரை மணித்தியாலம் கழித்துத் திரும்ப வந்து வாசலில் நிற்கிறார்.

அப்போதுதான் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். யாருடைய வள்ளம்?

“ஜெசிந்தா அக்கான்ர புருசன் எம்மானுவேல் அண்ணையின்ர வள்ளம். அவர் செத்து எட்டு மாசம். ஜெசிந்தா அக்கான்ர தம்பி றொபின்சன்தான் இப்ப கொண்டு போறவர்.”

செத்து எட்டு மாசம்.

வாயில் போட்ட புட்டு அப்படியே நின்றது. எனக்கு அந்தப் பெயர் தெரியும். அந்த வரியை நான் பார்த்திருக்கிறேன். பார்த்து, அதற்குப் பக்கத்தில் ஒரு சொல்லும் எழுதியிருக்கிறேன்.

டிலானியிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: “தலைவருக்கு உடன கோல் எடு. ஒரு வள்ளம் வரேல்ல எண்டு சொல்லு. லிஸ்ற்றைப் பாக்காதை.”

இனி, கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

ஒரு மாதத்துக்கு முன் இதே பக்கத்தில் நான் பீற்றிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? நாற்பது செக்கன் எடுத்த திரையை ஒரு செக்கனுக்குள் கொண்டுவந்த வீரக்கதை. டேட்டாபேஸ் என்றாலே தலையிடி என்று நினைத்தேன், நீங்கள் எழுதியதும் விளங்கிவிட்டது என்று தாராபுரத்திலிருந்து ஒரு ஆசிரியைகூடப் பாராட்டி எழுதியிருந்தார். சங்கத்தில் ரோல்ஸும் பிளேன் ரீயும் தந்தார்கள். தலைவர் எழுந்து நின்று நன்றி சொன்னார். நான் வெட்கப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

அந்தக் கதையில் நான் எழுதாமல் விட்ட ஒரு பகுதி உண்டு.

பழைய திரை ஏன் இழுத்தது? முதல் காரணம், திரும்பாத வள்ளத்தைத் தேடுவதற்கு அது இத்தனை வருசப் பயணப் பதிவையும் தலையிலிருந்து கால்வரை வாசித்தது. அதற்கு ஒரு இன்டெக்ஸ் போட்டேன். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று இருக்குமே, அதேதான். மற்றது, பட்டியலை எடுத்த பிறகு ஒவ்வொரு வள்ளத்துக்கும் தனித்தனியாகப் போய், சொந்தக்காரர் யார், போன் நம்பர் என்ன என்று டேட்டாபேஸைக் கேட்டுக்கொண்டிருந்தது. சீனிக்கு ஒரு தரம், தேயிலைக்கு ஒரு தரம், நெருப்புப்பெட்டிக்கு ஒரு தரம் கடைக்குப் போகிற மாதிரி. நான் எல்லாவற்றையும் ஒரே துண்டில் எழுதி ஒரே நடையில் வாங்கிவர வைத்தேன். பயணங்கள், வள்ளங்கள், உறுப்பினர்கள் என்ற மூன்று அட்டவணைகளையும் இணைத்து ஒரே கேள்வி. எங்கள் தொழிலில் அந்தக் கேள்விக்குக் குவெரி என்று பெயர்.

இணைப்பதில் இரண்டு விதம் உண்டு. ஒரு விதத்தில், ஜோடி கிடைக்காத வரியும் பட்டியலில் இருக்கும். பக்கத்துக் கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கும். மற்ற விதத்தில், ஜோடி இல்லையென்றால் வரியே வெளியே. நான் எழுதியது இரண்டாவது விதம். அதுவும் எல்லா உறுப்பினர்களோடும் அல்ல, ‘நடப்பில் உள்ள’ உறுப்பினர்களோடு மட்டும். விலகியவர்களை, வெளிநாடு போனவர்களை, செத்தவர்களை எல்லாம் ஒவ்வொரு காலையும் சுமப்பானேன் என்று நினைத்தேன்.

சும்மா எழுதிக் கொடுத்துவிடவில்லை. சோதித்தேன். அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை... நான் சோதித்தேன்.

கடந்த மூன்று மாதத்தின் ஒவ்வொரு காலையையும் எடுத்து, பழைய குவெரியின் விடையையும் புதியதின் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுக்கொன்று அச்சொட்டாகப் பொருந்தியது. ஒரே ஒரு வள்ளத்தைத் தவிர. பிந்தி வந்த சில நாட்களில் அது பழைய பட்டியலில் இருந்தது. புதியதில் இல்லை. யாரென்று பார்த்தால், எம்மானுவேல். நிலை: இறந்தவர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். செத்தவர் எப்படிக் கடலுக்குப் போவார்? டிலானி பெயரை மாற்றித் தட்டியிருப்பாள், வேறென்ன? பழைய குவெரி இந்தப் பிழையைக்கூடக் கண்டுபிடிக்காமல் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது, என்னுடையது தானாகவே சுத்தம் பண்ணுகிறது என்று எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டேன். குறிப்பில் அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதினேன்: ‘குப்பை. விடலாம்.’

டிலானிக்கு ஒரு கோல் எடுத்திருந்தால் போதும். இரண்டு நிமிசம். அவள் அன்று கந்தோரில்தான் இருந்தாள். ஏன் எடுக்கவில்லை? விடை தெரியும் என்று நினைத்தவள் ஏன் கேட்கப்போகிறாள்?

நான் மாந்தைப் பக்கத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை. கடல் என்றால் எனக்குப் பாலத்தால் பஸ் வரும்போது இரண்டு பக்கமும் தெரிகிற தண்ணீர். எங்கள் ஊரில் ஒருவர் கண்ணை மூடினால், முப்பத்தோராம் நாள் சடங்கு முடிகிற கையோடு காணி யாருக்கு, உழவு மெசின் யாருக்கு என்று கதைத்து முடித்துவிடுவார்கள். செத்தவர் பெயரில் எட்டு மாதமாக ஒரு தொழில் நடக்கும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பள்ளிமுனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து ஐந்து. சங்க வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். தலைவர் அதற்குள் இரண்டு வள்ளங்களைத் தேட அனுப்பி, நேவிக்கும் அறிவித்து, விடத்தல்தீவுச் சங்கத்துக்கும் சொல்லியிருந்தார். தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று. எஞ்சின் நின்றிருந்தால் வடக்கே அந்தப் பக்கம்தான் இழுத்துப் போயிருக்கும் என்றார். என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டு, “இருங்கோ மிஸ்” என்றார். அந்த மரியாதை எனக்குச் சுட்டது.

ஜெசிந்தா அக்கா கந்தோருக்குள்ளே சுவரோடு நின்றார். ஐம்பது வயதிருக்கும். சந்தைக்கு மீன் கொண்டுபோகிறவர். கையில் ஒரு பழைய பை. அழவில்லை. என்னை யாரென்று அவருக்குத் தெரியாது.

எனக்கு இன்னொரு பயம் பிடித்திருந்தது. எம்மானுவேல் ஒருவர்தானா? அவரைப்போல இன்னும் எத்தனை வரிகளை நான் வெட்டி எறிந்திருக்கிறேன்? அந்த நேரம் இன்னும் எத்தனை வள்ளங்கள் யாரும் தேடாமல் கடலில் கிடக்கின்றன? என் சோதனையில் ஒன்றுதான் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதம் போய்விட்டதே...

டிலானியின் கதிரையில் இருந்து பழைய குவெரியைத் தேடி எடுத்து ஓட விட்டேன்.

நாற்பது செக்கன்.

அந்த நாற்பது செக்கனைத்தான் ஒரு மாதத்துக்கு முன் இந்தப் பக்கத்தில் கிண்டல் பண்ணியிருந்தேன். இந்தத் திரை திறப்பதற்குள் ஒரு ரீ ஊற்றிக் குடித்துவிடலாம் என்று எழுதியிருந்தேன்.  டிலானி என் தோளில் கையை வைத்தாள்.

ஒரே ஒரு வரி வந்தது. எம்மானுவேல். புறப்பட்டது, திங்கள் பின்னேரம் நாலரை. திரும்பியது, வெறுமை. சொந்தக்காரரின் போன் நம்பர்.

திரையில் ஒரு வரி வந்தால் பக்கத்தில் இருக்கிற நம்பருக்குக் கோல் எடுப்பது டிலானியின் எட்டு மணிப் பழக்கம். பதற்றத்தில் அவளுடைய கை தானாகக் கந்தோர் போனை எடுத்து அந்த நம்பரை அமத்திவிட்டது.

ஜெசிந்தா அக்காவின் பைக்குள் ஒரு போன் அடித்தது.

அவர் பையைத் திறந்து, ரப்பர் பட்டி போட்ட ஒரு பழைய பட்டன் போனை வெளியே எடுத்தார். அடித்துக்கொண்டே இருந்தது. டிலானி போனை வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“அவரின்ர போன்” என்றார் ஜெசிந்தா அக்கா. “சார்ஜ் போட்டு வச்சிருக்கிறன்.”

எனக்கு அந்த இடத்திலேயே நிலத்துக்குள் போய்விட வேண்டும்போல இருந்தது.

அதற்குள் நேவியிலிருந்து ஒருவர் போனில் விவரம் கேட்டார். வள்ளத்தின் நிறம், நீளம், எஞ்சின். தலைவர் சொன்னார். வள்ளத்தில் எத்தனை பேர், பெயர் என்ன என்று அவர் கேட்டதும் தலைவர் டிலானியைப் பார்த்தார். டிலானி என்னைப் பார்த்தாள்.

அதற்கு என் டேட்டாபேஸில் இடமே இல்லை. வள்ளத்துக்கு ஒரு அட்டவணை உண்டு. சொந்தக்காரருக்கு ஒரு அட்டவணை உண்டு. ஓட்டிக்கொண்டு போகிறவருக்கும் கூடப் போகிறவருக்கும் ஒரு கட்டம்கூட இல்லை. நாலு வருசமாக இந்தப் புரோகிராம் ஓடுகிறது. நாலு வருசமாக நாங்கள் மரத்தையும் எஞ்சினையும்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம். ஆட்களை எண்ணவில்லை.

ஜெசிந்தா அக்காதான் சொன்னார். “ரெண்டு பேர். தம்பி றொபின்சன். மற்றது செல்வம், முருங்கன் பக்கம். கூலிக்கு வாறவர். ரெண்டு பிள்ளையள் இருக்கு.”

செல்வத்தின் வீட்டில் இன்னும் ஒருவருக்கும் தெரியாது. அவருடைய நம்பர் கந்தோரில் ஒருவரிடமும் இல்லை. தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று தேடிப்பிடித்து அவருடைய மனைவிக்குச் சேதி சொல்லும்போது பதினொரு மணி. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பமாம். அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, தன் புருசனுக்கு நீந்தத் தெரியாதே, அது உங்களுக்குத் தெரியுமா என்பது.

இனிச் செய்ய ஒன்றுமில்லை. காத்திருக்க வேண்டியதுதான். டேட்டாபேஸ்காரிக்கு அங்கே என்ன வேலை? எழுந்து போயிருக்கலாம். ஒருவரும் தடுத்திருக்க மாட்டார்கள். இன்னும் யாருக்கும் உண்மை தெரியாது. கொம்பியூட்டர் பிழை விட்டுவிட்டது என்றுதான் வாசலில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கொம்பியூட்டர் பாவம், அதற்கு வாய் இல்லை.

ஜெசிந்தா அக்கா டிலானியிடம் கேட்டார்: முந்தியென்றால் பிந்தி வருகிற நாளில் எட்டு மணிக்கே போன் வருமே, இன்றைக்கு ஏன் ஒருவரும் எடுக்கவில்லை? நான்தான் சொன்னேன்.

“நான்தான் அக்கா அவற்ற பேரை லிஸ்ற்றில இருந்து எடுத்தனான். இறந்தவர் எண்டு கிடந்துது. பிழையாப் பதிஞ்சிருக்கினம் எண்டு நினைச்சு, அந்தப் பேர் வராமப் பண்ணிப்போட்டன்.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“அப்ப, அவர் செத்தது உங்கட மெசினுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார் மெல்ல. “என்ர தம்பி உயிரோட இருக்கிறது தெரியேல்ல.”

இருபது வருசமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என் குவெரியைப் பற்றி இவ்வளவு சரியாக ஒருவரும் சொன்னதில்லை.

எம்மானுவேலின் மரணத்தைப் பதிந்தது டிலானிதான். சரியாகத்தான் பதிந்திருக்கிறாள். செத்த அன்றே சங்கம் கறுப்புக்கொடி கட்டி, அடுத்த நாள் தொழிலை நிறுத்தும். அதனால் உடனே பதிந்தாக வேண்டும். ஆனால் வள்ளத்தின் சொந்தக்காரர் பெயரை மாற்றவில்லை. அந்தக் குடும்பங்களில் வருசத் திருப்பலி முடியுமட்டும் மாற்றுவதில்லையாம். ஒரு வருசத்துக்கு வள்ளம் அவருடையதுதான். யார் கொண்டு போனாலும் அவர்தான் போகிறார். வருசம் முடிந்து, பூசை ஒப்புக்கொடுத்து, பங்குக் குருவான சுவாமி வந்து வள்ளத்தை மந்திரித்த பிறகுதான் மற்றவர் பெயருக்கு மாறும். பள்ளிமுனையில் இது யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லாத விசயம். அதனால்தான் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆக, மரணப் பதிவு சரி. பயணப் பதிவு சரி. பழைய குவெரி சரி. மெதுவான, அசிங்கமான, கடைக்கு அறுபது தரம் நடக்கிற குவெரி, அது சரி. அங்கே இருந்த ஒரே பிழை நான் திருத்திய இடம்.

ஒன்றரை மணிக்கு விடத்தல்தீவிலிருந்து போன் வந்தது.

தலைவர் “ஓம்... ஓம்...” என்றுதான் சொன்னார். அந்த ஓமில் எது இருக்கிறதென்று தெரியாமல் நாங்கள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் எங்கள் பக்கம் திரும்பி இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு பேரும்.

டிலானி மேசையில் தலையை வைத்து அழுதாள். நானும் அழுதேன், ஒளிப்பானேன்? ஜெசிந்தா அக்கா அழவில்லை. செல்வத்தின் மனைவிக்கு முதலில் சொல்லுங்கோ என்றார்.

எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோயிருக்கிறது. றொபின்சனின் போன் திருத்துகிற அவசரத்தில் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. காற்று வடக்கே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. குடிதண்ணீர் விடியமுன்னரே முடிந்துவிட்டது. கண்டுபிடிக்கும்போது செல்வத்துக்குச் சுயநினைவு சரியாக இல்லை. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி மறுநாள்தான் விட்டார்கள்.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரி வாசலில் றொபின்சனைப் பார்த்தேன். உதடு வெடித்து, முகம் கன்றிப்போயிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை மிஸ் என்றார். கடல் என்றால் அப்படித்தான், எஞ்சின் நிற்கும், காற்று மாறும், அதற்கெல்லாம் யாரைக் கோபிப்பது என்றார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பிறகு, கதையோடு கதையாக, ஒன்றைச் சொன்னார்.

“எட்டரை மணி போல ரெண்டு வள்ளம் எங்கட பக்கம் போனது, கரைக்கு. தூரத்தில. போட்டிருந்த சேட்டைக் கழட்டி வீசிக் காட்டினனான். அவங்கள் பாக்கேல்ல.”

ஏன் பார்க்கப்போகிறார்கள்? ஒரு வள்ளம் வரவில்லை என்று எட்டு மணிக்கு டிலானி சொல்லியிருந்தால், கடலில் நிற்கிற அத்தனை வள்ளங்களுக்கும் போன் போயிருக்கும். அத்தனை பேரும் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்திருப்பார்கள். ஒன்பது மணிக்கு இருவரும் கரையில் பிளேன் ரீ குடித்திருப்பார்கள். அவர்கள் பார்க்கவில்லை, ஏனென்றால் யாரும் பார்க்கச் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் என் திரை ஒரு செக்கனுக்குள் திறந்து, அந்த வள்ளம் வந்தாயிற்று என்று சொல்லிவிட்டது.

அந்தச் சேட்டு இரண்டு நாள் என்னைத் தூங்க விடவில்லை.

என் தொழில்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் வேகத்தை அளக்கிறோம். நாற்பது ஒன்றாகிவிட்டது என்று படம் போட்டுக் காட்டுகிறோம், ரோல்ஸ் சாப்பிடுகிறோம். வராமல் போன வரியை எந்தப் படத்திலும் காட்ட முடியாது. இல்லாத ஒன்று திரையில் எப்படித் தெரியும்? மெதுவான பட்டியலைப் பார்த்து நூறு பேர் முறைப்பாடு சொல்வார்கள். வேகமான பொய்யைப் பற்றி முறைப்பாடு சொல்ல வேண்டியவர் அந்த நேரம் நடுக்கடலில் சேட்டை வீசிக் காட்டிக்கொண்டு நிற்பார்.

இன்னொன்றும் உண்டு. ‘தரவுப் பிழை’ என்று வாய் கூசாமல் சொல்கிறோமே, அதில் பாதி பிழையே அல்ல. எங்களுக்குத் தெரியாத யாரோ ஒருவருடைய வாழ்க்கை.

புதன்கிழமையே திருத்திவிட்டேன். ஜோடி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், சொந்தக்காரர் இருந்தாலும் செத்தாலும், போன வள்ளம் வரும்வரை பட்டியலில் நிற்கும். வள்ளத்தில் போகிறவர்களுக்கென்று புதிதாக ஒரு அட்டவணையும் போட்டிருக்கிறேன். அதில் முதல் வரி செல்வம். இரண்டாவது நம்பராக அவருடைய மனைவியின் நம்பர். திரை இப்போது மூன்று செக்கன் எடுக்கிறது. எடுக்கட்டும். என்னை விலக்கிவிட்டு வேறு ஆளைப் போடச் சொல்லிச் சங்கத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கோபித்திருக்க மாட்டேன்.

எஞ்சினைத் திருத்தி, வெள்ளிக்கிழமை பின்னேரம் றொபின்சன் திரும்பத் தொழிலுக்குப் போனார்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஜெசிந்தா அக்கா சங்கத்துக்கு வந்தாராம். டிலானி சொன்னாள். அந்த லிஸ்ற்றை ஒருக்கால் காட்டு பிள்ளை என்றாராம். நம்பிக்கை போய்விட்டது, பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து டிலானி திரையைத் திருப்பிக் காட்டியிருக்கிறாள். அப்போது மூன்று வரி இருந்ததாம். அதில் ஒன்று எம்மானுவேல். இன்னும் கடலில். அதையே பார்த்துக்கொண்டு நின்றாராம். கொஞ்ச நேரத்தில் கரையிலிருந்து றொபின்சன் கோல் எடுக்க, டிலானி பதிந்தாள். வரி திரையிலிருந்து போனது. “சரி, வந்திட்டார்” என்று சொல்லிவிட்டு அவர் சந்தைக்குப் போய்விட்டாராம்.

ஞாயிறு ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை காலை, தம்பி கடலில் நிற்க, ஜெசிந்தா அக்கா திரும்பக் கந்தோருக்கு வந்தார். புதன்கிழமையும் வந்தார்.

டிலானிக்குப் பொறுக்கவில்லை. இப்போது லிஸ்ற் சரியாக வேலை செய்கிறது, தம்பி வருவதைக் கரையில் நின்றே பார்க்கலாமே, ஏன் இவ்வளவு தூரம் நடந்து வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள்.

“தம்பி வாறதைக் கரையில பாப்பன்” என்றாராம் ஜெசிந்தா அக்கா, திரையில் எம்மானுவேல் என்ற பெயரைத் தொட்டுக்கொண்டே. “இவர் வாறதை இஞ்ச மட்டும்தானே பாக்கலாம்.”

அந்த வரிக்குப் பக்கத்தில்தான் நான் ‘குப்பை’ என்று எழுதியிருந்தேன்.